நீல நூல் கட்டிய சிலேட்டு

என் பீரோவில் ஒரு சிலேட்டு இருக்கிறது. கல்லின் ஓரத்தில் கொஞ்சம் சில்லு பெயர்ந்திருக்கிறது. மரச்சட்டத்தின் ஒரு மூலையில் வாழைக்கறை. எத்தனை தேய்த்தாலும் போகாத பழுப்பு. மேல்சட்டத்தில் உள்ள ஓட்டையில் ஒரு நீல நூல் கட்டியிருக்கிறது. நீலம் என்று நான் சொன்னால்தான் உண்டு, இப்போது அது சாம்பல் நிறமாகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் யார் கண்ணிலாவது பட்டால், "இது நீங்க படிச்ச சிலேட்டா மாமி?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அது முழுப் பொய்யும் இல்லை.

சிலேட்டு இலைக்காரர் மகளுடையது. அவளுக்குப் பெயர் இருந்தது. அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை, அதற்கான தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்திலும் அவளை இலைக்காரர் மகள் என்றுதான் சொல்வோம். அவள் அப்பா ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே ஒரு வாழைத்தோப்பில் இலை அறுத்து, விடியற்காலையில் சைக்கிளில் கட்டுக் கட்டாக ஏற்றிக்கொண்டு வீதி வீதியாகப் போடுவார். எங்கள் உத்தர வீதி வீட்டுக்கும் திருநட்சத்திரம், சிராத்தம் என்றால் அவர்தான் இலை கொண்டுவருவார். உயரமான மனிதர். வாசல்படிக்குக் கீழேயே நின்று, "இலை வந்திருக்குங்க" என்று ஒரு தரம்தான் சொல்வார். அந்த ஒரு தரம் உள்ளே யார் காதிலும் விழாவிட்டால் இலையை வைத்துவிட்டுப் போய்விடுவார். மறுபடி கூப்பிடுவது அவருக்குப் பிடிக்காது.

ஐம்பதுகளின் நடுவில், பயிற்சி முடித்த கையோடு, ஸ்ரீரங்கத்திலேயே ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சராகச் சேர்ந்தேன். தற்காலிக வேலை. எனக்கு அப்போது இருபத்தொன்று. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்றால் குரல் உடைந்துவிடும். அதை மறைக்கக் கத்துவேன். எனக்கு வாய்த்த தலைமையாசிரியை கத்தாதவர். பெரிய டீச்சர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். திருச்சி டவுனிலிருந்து தினமும் காவிரிப் பாலம் தாண்டி பஸ்ஸில் வருவார். மூக்குக்கண்ணாடிக் கூட்டில் கண்ணாடிக்குப் பதில் சாக்பீஸ் துண்டுகள் வைத்திருப்பார். கண்ணாடி எப்போதும் தலைமேல் இருக்கும், அதையே தேடிக்கொண்டும் இருப்பார். வயதில் என்னைவிடப் பத்துப் பதினைந்து மூத்தவர்தான். என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார்.

அந்தக் காலத்தில் படிப்பு வராத பிள்ளையைப் பரீட்சைதான் கண்டுபிடிக்கும். வருஷ முடிவில் பெயில் போட்டு அதே பெஞ்சில் மறுபடி உட்காரவைப்பார்கள். இரண்டு தரம் உட்கார்ந்த பிள்ளை மூன்றாம் வருஷம் வராது. பெரிய டீச்சருக்கு இது ஆகவே ஆகாது. "பரீட்சை வரைக்கும் காத்திருந்தா தீர்ப்புத்தான் சொல்ல முடியும், ஒத்தாசை பண்ண முடியாது" என்பார். ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாவது வாரமே என் வகுப்பு வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் அழைத்து, மற்றவர் காதில் விழாமல், நான்கு வரி படிக்கச் சொன்னார். மூன்று நாள் ஆயிற்று. பிறகு மூன்று நூல்கண்டுகளை என் மேஜைமேல் வைத்தார்.

வெள்ளை நூல் என்றால் வகுப்பில் நடத்துவதே போதும். மஞ்சள் நூல் கட்டிய எட்டுப் பேரைப் பிரார்த்தனைக்கு முன்னால் அரைமணி தனியாக உட்காரவைத்து அதே பாடத்தை நிதானமாக நடத்த வேண்டும். அதுவும் போதாத நான்கு பேருக்கு நீல நூல். அவர்களை டிரில் பீரியடில் வராந்தாக் கோடியில் தண்ணீர்ப்பானை அருகே வைத்துக்கொண்டு, ஒருத்தர் ஒருத்தராக, எழுத்துக்கு எழுத்து நான் பார்க்க வேண்டும். நூலைச் சிலேட்டில் கட்டிவிட்டால் எந்தப் பிள்ளையை எங்கே உட்காரவைப்பது என்று தேட வேண்டாம். மாதத்தின் முதல் திங்கட்கிழமை பெரிய டீச்சர் மறுபடி வந்து படிக்கச் சொல்லுவார். படித்துவிட்டால் அங்கேயே நூலை மாற்றிவிட வேண்டும். "ஒரே நூல் மூணு மாசம் இருந்ததுன்னா தப்பு புள்ளையோடது இல்லீங்க, நம்மளோடது" என்றார். டிரில் பீரியடை இப்படி எடுத்துக்கொள்ள மேலிடத்து அனுமதி கிடையாது. இன்ஸ்பெக்டர் வரும்போது நேரில் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம்.

அவருக்கும் ஒன்று தோன்றாமல் போயிற்று. பிள்ளைகளுக்குக் கண் இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் 'நீல நூல்' என்பது வசவாகிவிட்டது. பம்பரம் உடைந்தால்கூட, "போடா நீல நூலு!" என்று கேட்டது. என் காதில் விழுந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. சின்ன விஷயம் என்று நினைத்தேன். சின்ன விஷயம் என்று நான் நினைத்தவற்றை எல்லாம் இந்த வயதில் வரிசையாக எண்ணிப் பார்க்கிறேன், ஒன்றும் சின்னதாக இல்லை.

இலைக்காரர் மகள் மூன்றாம் வகுப்பில் ஏற்கெனவே இரண்டு தரம் பெயிலானவள். அந்த ஜூனில் அவளை நிறுத்திவிடுவதாக இருந்தார் அவள் அப்பா. தோப்பில் இலையை அடுக்கிக் கட்டுப் போட ஆள் வேண்டும், அவளுக்கு அது நன்றாகக் கைவரும். பெரிய டீச்சர் சாயங்காலம் தோப்புக்கே நடந்து போய், "ஒரே ஒரு வருஷம் குடுங்க. முழுப் பரீட்சைக்குள்ள படிக்கலேன்னா நானே கொண்டாந்து விட்டுடறேன்" என்று கேட்டிருக்கிறார். அவர் யோசித்துவிட்டு, "ஒரு வருஷம்னா ஒரு வருஷந்தாங்க" என்றாராம். அந்த ஒரு வருஷம் என் கையில் கொடுக்கப்பட்டது.

அவளுக்கு எழுத்தெல்லாம் தனித்தனியாகத் தெரியும், சேர்த்தால் வராது. 'ப'வைக் காட்டினால் சொல்வாள், 'ட'வைக் காட்டினால் சொல்வாள், 'படம்' என்று எழுதினால் என் முகத்தைப் பார்ப்பாள். ஆனால் நான்கு கட்டுக்கு மொத்தம் எத்தனை இலை என்று கேட்டு முடிப்பதற்குள் விடை வந்துவிடும். பாவாடை முழுக்கக் கறை. அதனால் பக்கத்தில் உட்காரவே மற்ற பெண்கள் முகம் சுளிப்பார்கள், நானும் முதலில் சுளித்தேன். ஒரு ஈர்க்குச்சியை வரிக்கு அடியில் நகர்த்திக்கொண்டே படிக்கப் பழக்கினேன். குச்சியைக் கொண்டுவர மறந்த நாளில் சுண்டுவிரல் நகத்தை நகர்த்துவாள். மைதானத்தில் சடுகுடு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நான்கு பேரும் அந்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள், எனக்குக் கோபம் வரும். அவள் மட்டும் திரும்ப மாட்டாள்.

ஒரு நாள் தன் சிலேட்டு நூலை அவிழ்க்க முயன்று முடியாமல் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். "என்னடி பண்றே?" என்றேன். "நீங்க குருட்டு முடிச்சுப் போட்டிருக்கீங்க டீச்சர். அவுக்கறதுக்கு ஒரு நாள் ஆகும்" என்றாள். நூலை அவிழ்த்து அவளே மறுபடி கட்டினாள். இலைக்கட்டுக்கு அவள் அப்பா போடும் முடிச்சு அது. இறுக்கமாக நிற்கும், ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் சட்டென்று கழன்றுவிடும். "இலை வாங்கறவங்க கத்தரிக்கோல் தேடக் கூடாதுல்ல" என்றாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. மற்ற மூன்று பேருக்கும் அவளையே கட்டிக் கொடுக்கச் சொன்னேன்.

மார்கழியில் படிப்பு வந்தது. வந்தது என்றுதான் சொல்ல வேண்டும், நான் கொண்டுவந்ததாகச் சொல்ல மாட்டேன். ஓடக்காரன் பாடத்தின் முதல் பக்கத்தைக் குச்சியை நகர்த்திக்கொண்டே முடித்தாள். மனப்பாடமாக இருக்கும் என்று நினைத்து வேறு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதையும் படித்தாள். பிறகு அவளாகவே இன்னொரு பக்கத்தைத் திருப்பிப் படித்தாள். பானைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த பழைய காலண்டர் தாளைப் படித்தாள். நிறுத்தவே மாட்டேன் என்கிறாள். நான் அழுதுவிட்டேன். பெரிய டீச்சருக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் கேட்டுவிட்டு, "இந்த நூலை இப்ப அவுக்க வேண்டாம். தை மாசம் இன்ஸ்பெக்டர் வரார். அவர் முன்னாடி படிக்கட்டும், அங்கேயே அவுத்துடலாம்" என்றார். அவளிடம், "அப்பாவையும் வரச் சொல்லும்மா" என்றார். அவள் அன்று வீட்டுக்கு ஓடிய ஓட்டம் இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது.

வைகுண்ட ஏகாதசிக் கூட்டமெல்லாம் கலைந்து, பொங்கலும் முடிந்து, இன்ஸ்பெக்டர் வரும் நாள் வந்தது. அதற்கு முந்தின நாள் மத்தியானம் பெரிய டீச்சர் ஏதோ காகிதங்களுக்காகத் திருச்சி ஆபீசுக்குப் போய்விட்டார். ஐந்தாம் வகுப்பு டீச்சர் என் வகுப்புக்குள் எட்டிப் பார்த்து, "நாளைக்கு உன் நீல நூலையெல்லாம் எங்கே ஒளிச்சு வெக்கப் போறே?" என்று சிரித்தார். எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் விளக்கினார். இன்ஸ்பெக்ஷன் அன்றைக்குப் படிக்காத பிள்ளைகளை வீட்டில் இருக்கச் சொல்லிவிடுவது வழக்கம். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் நடப்பது. யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை, சமையலறை அழுக்குத் துணியை விருந்தாளி வருமுன் எடுத்து ஒளிப்பது போலத்தான். "உனக்கு வேலை இன்னும் பர்மனென்ட் ஆகலை. எவனாவது முழிச்சான்னா உன் தலையிலதான் விடியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நான்கு பேரில் மூன்று பேர் இன்னும் தட்டித் தடவிக்கொண்டுதான் இருந்தார்கள். மூன்று பேரை மட்டும் வராதே என்று சொன்னால் அவர்கள் அழுவார்கள், பெரிய டீச்சருக்குத் தெரிந்துவிடும். நான்கு பேரையும் நிறுத்திவிட்டால் ஏதோ ஜுரம் என்று சமாளிக்கலாம். என் புத்தி அப்படி வேலை செய்தது. மணி அடித்ததும் நால்வரையும் பானை அருகே கூப்பிட்டு, நாளை ஒரு நாள் வர வேண்டாம் என்றேன். மூன்று பேருக்கு லீவு கிடைத்த சந்தோஷம். அவள் நகரவில்லை.

"நானுமா டீச்சர்?"

"ஒரு நாள்தானேம்மா."

"நான் படிச்சிடுவேன் டீச்சர்."

"தெரியும்மா. நாலு பேரும் ஒண்ணா இருந்துக்கோங்கோ. நாளன்னிக்கு வா, நூலை அவுத்துடலாம்."

அவள் சிலேட்டை வகுப்பு அலமாரியில் மற்றவர்களுடையதோடு சேர்த்து வைத்தாள். வைத்துவிட்டு, நூலின் நுனி வெளியே தெரியும்படி திருப்பி வைத்தாள். இழுக்க வசதியாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனிதர்தான், சிடுசிடுப்பில்லை. வகுப்பில் இங்கும் அங்குமாகப் பத்துப் பேரைப் படிக்கச் சொன்னார். எல்லோரும் கடகடவென்று படித்தார்கள். பெரிய டீச்சர் மூன்று நூல்களைப் பற்றி எடுத்துச் சொல்லி, "நீல நூல் குழந்தைகளைக் கூப்பிடுங்க" என்று என்னைப் பார்த்தார். "நாலு பேருக்கும் ஜுரம்" என்றேன். அவர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்த ஒரு தடவைதான் அவர் கண்ணாடியைத் தேடாமல் எடுத்தது.

அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தேன். இலைக்காரர் நின்றுகொண்டிருந்தார். வெளுத்த வேட்டி, வெளுத்த சட்டை, தலை வாரியிருந்தது. மகள் காலையில் புதுப்பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத்தான் கிளம்பியிருக்கிறாள். வராதே என்று டீச்சர் சொன்னதை அப்பாவிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கொள்ளிடக் கரையில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள் என்று பின்னால் தெரிந்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகத் தேடினார். முன்வரிசை, நடுவரிசை, கடைசி வரிசை. மறுபடி முதலிலிருந்து தேடினார். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மணி அடிக்கிறவரைக்கும் நின்றிருக்கிறார்.

போகும்போது இன்ஸ்பெக்டர் சொன்னார்: "பிள்ளைகள் எல்லாம் நன்றாகத்தான் படிக்கிறார்கள். இதற்கெதற்குத் தனி ஏற்பாடு? டிரில் பீரியடை டிரிலுக்கே விட்டுவிடுங்கள்." உதவி வேண்டிய பிள்ளைகளை நான் ஒளித்தேன். அதனால் உதவியே வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. அன்று சாயங்காலம் பெரிய டீச்சர் அலமாரி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு சிலேட்டாக எடுத்து நூல்களைக் கழற்றினார். கடைசியில் அவள் சிலேட்டை எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்து, கழற்றாமலே வைத்துவிட்டார்.

மூன்று நாள் அவள் வரவில்லை. நான்காம் நாள் பெரிய டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நீங்க போய்க் கூப்பிடுங்க. நான் வந்தா எனக்காக அனுப்பிடுவார். அப்படி அனுப்பக் கூடாது" என்றார்.

சிலேட்டையும் எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனேன். அவள் ஒரு வாழையடியில் உட்கார்ந்து கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், கிட்டே வரவில்லை. இலைக்காரர் மரியாதையாக ஒரு மணைப்பலகையைத் தட்டிப் போட்டு உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. ஒரு நாளைக்குத்தான் வர வேண்டாம் என்றேன், தப்பு என்னுடையது, உங்கள் பெண் நன்றாகப் படிக்கிறாள் என்றெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"படிக்கறான்னு தெரியுங்க. வீட்ல தீப்பெட்டிய விடறதில்ல, அதையும் படிக்கறா. படிக்கற புள்ளையையே ஒளிச்சு வெச்சிட்டீங்களே டீச்சரம்மா."

"இனிமே அப்படி நடக்காது."

"நடக்காதுங்க. ஒளிச்சு வெக்கிற எடத்துக்கு நான் புள்ளைய அனுப்பறதில்ல."

சிலேட்டை நீட்டினேன். "அது உங்ககிட்டயே இருக்கட்டுங்க" என்றார். அதற்கப்புறமும் எங்கள் வீட்டுக்கு இலை வந்தது. அவர் குரல் கேட்டால் நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

அடுத்த ஜூனில் பெரிய டீச்சருக்குத் தொட்டியத்துக்கு மாற்றல் ஆயிற்று. போகும்போது மூன்று நூல்கண்டுகளையும் என் மேஜைமேல் வைத்துவிட்டு, "எப்பவாவது தேவைப்படும்" என்றார். என் வேலை அந்த வருஷமே நிரந்தரமானது. இன்ஸ்பெக்டர் என் வகுப்பைப் பற்றி நன்றாக எழுதியிருந்தாராம்.

அறுபதுகளின் நடுவில் அதே பள்ளிக்கூடத்தில் நானே பெரிய டீச்சராகிவிட்டேன். ஒரு ஜூனில், ஒரு சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு இலைக்காரர் மகள் உள்ளே வந்தாள். அப்பா தவறிவிட்டார் என்றாள். தங்கையைச் சேர்க்க வேண்டும். படிவத்தை நிரப்பிப் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் மேஜைமேல் இருந்த மைப்பெட்டியைப் பார்த்தாள்.

"கைநாட்டு வெச்சிடறேன் டீச்சர்."

"உனக்குத்தான் எழுத வருமேம்மா."

"இதுவே போதும் டீச்சர்."

வைத்துவிட்டுக் கட்டைவிரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "தங்கச்சிக்கு நூலு எதுவும் கட்டிடாதீங்க" என்றாள். இப்போதெல்லாம் கட்டுவதில்லை என்றேன். "அப்ப சரி" என்றாள். எழுத்து மறந்துவிட்டது போலிருக்கிறது என்று அன்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

தங்கைக்கும் எழுத்துச் சேரவில்லை. நூலும் கட்டாமல், டிரில் பீரியடும் எடுக்காமல், என் அறையில் தபால் ஒட்டவும் ரிஜிஸ்டர் அடுக்கவும் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டு, இரண்டு வருஷம் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கவைத்தேன். யாருக்கும் தெரியாது. அவள் ஐந்தாம் வகுப்புப் பாஸ் பண்ணினாள். சர்ட்டிபிகேட் வாங்க அக்காதான் வந்தாள். காகிதத்தைக் கையில் வாங்கினாள். உதடு லேசாக அசைந்தது. சுண்டுவிரல் நகம் வரிக்கு அடியில் மெல்ல நகர்ந்தது, ஒரு வரி, அடுத்த வரி, கடைசி வரி. முழுக்கப் படித்தாள். 'ஐந்தாம் வகுப்பில் தேர்ச்சி' என்ற இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது. நான் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கையை நீட்டி மைப்பெட்டியைத் திறந்து கட்டைவிரலை அழுத்தினாள்.

அன்று மேஜை டிராயரில்தான் சிலேட்டு இருந்தது. கொடுத்துவிட வேண்டும் என்று டிராயரைப் பாதி திறந்தேன். "வரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அதற்கப்புறம் அவளைப் பார்க்கவில்லை.

சிலேட்டு இப்போது பீரோவில் இருக்கிறது. நூல் இற்றுப்போய்விட்டது, முடிச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. நுனியைப் பிடித்து லேசாக இழுத்தால் போதும், கழன்றுவிடும். சில நாள் மத்தியானத்தில் எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். விரல் நுனிவரைக்கும் போகும். அதை அவள் முன்னால் அவிழ்ப்பதாகத்தான் சொல்லியிருந்தேன். மறுபடி உள்ளே வைத்துப் பீரோவைப் பூட்டிவிடுகிறேன்.